ஹைட்ரஜன் பெராக்சைடு: பேரைக் கேட்காதீர்கள், நம்பரைக் கேளுங்கள்!

புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் பக்கம் மருந்துக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. அங்கே போய் "அண்ணே, பெராக்சைடு ஒண்ணு" என்று கேட்டால் ஒரு சின்ன பாட்டில் வரும். லேபிளில் 6 சதவீதம், 20 வால்யூம் என்று இரண்டு எண்கள் இருக்கும். குழப்பம் இங்கேதான் ஆரம்பம். 20 வால்யூம் என்றால் 20 சதவீதம் இல்லை! ஒரு மில்லி திரவம் முழுதாகச் சிதைந்தால் சுமார் 20 மில்லி ஆக்சிஜன் வாயு வரும் என்று அர்த்தம். ஆக, 10 வால்யூம் என்றால் 3 சதவீதம், 20 என்றால் 6, 40 என்றால் 12.

இதைக் கண்டுபிடித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். லூயி ழாக் தெனார், 1818ஆம் ஆண்டு. அவர் வைத்த பெயருக்கு 'ஆக்சிஜன் ஏற்றிய நீர்' என்று பொருள். பிரெஞ்சு மொழியில் இன்றும் அதே பெயர்தான். அடுத்த ஐந்தாவது வருடம், 1823இல், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். அதன் வழியில் வந்ததுதான் இன்றைய ஜிப்மர்.

சரி, எந்தெந்த ரகம் எங்கே கிடைக்கும்?

3 முதல் 6 சதவீதம்: மருந்துக் கடை. 6 சதவீத பாட்டிலில் சம அளவு சுத்தமான தண்ணீர் கலந்தால் 3 சதவீதம். அவ்வப்போது கலந்து அன்றே தீர்த்துவிட வேண்டும். துணியில் பட்ட ரத்தக் கறைக்கு நல்லது. ஆனால் சாயத் துணியை வெளுத்துவிடும், ஓரத்தில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

3 முதல் 12 சதவீதம்: அழகு நிலையப் பொருட்கள் விற்கும் கடை. முடிச் சாயத்தோடு கலக்கும் டெவலப்பர் இதுதான். இதில் வாசனையும் க்ரீமும் சேர்ந்திருக்கும், காயத்துக்கு ஆகாது.

30 சதவீதம்: கல்லூரி ஆய்வகங்களுக்கு ரசாயனம் விற்பவர்களிடம்.

35, 50 சதவீதம்: தொழிற்சாலைகளுக்குக் கேன் கேனாகப் போவது. திருப்பூரில் பனியன் துணியை வெளுப்பது இதை நீர்த்துத்தான். வேலை முடிந்ததும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும், குளோரின் மிச்சம் இருக்காது. துணியில் தங்கும் பெராக்சைடைச் சாயம் ஏற்றும் முன் கேட்டலேஸ் என்ற நொதியைப் போட்டு நீக்குவார்கள்.

அதே கேட்டலேஸ் நம் ரத்தத்திலும் இருக்கிறது. புண்ணில் ஊற்றியதும் நுரை பொங்குவது அதனால்தான். "நுரை வருது, கிருமி சாகுது" என்பது பாதி உண்மை. கிருமியே இல்லாத புண்ணிலும் நுரை வரும். கிருமியைக் கொல்லும்போதே புண்ணை ஆற்றும் செல்களையும் பெராக்சைடு தாக்குகிறது. அதனால் தினமும் ஊற்றுவதை மருத்துவர்கள் இப்போது ஊக்குவிப்பதில்லை. சின்னக் காயத்துக்கு சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். ஆழமான புண்ணில் ஊற்றவே கூடாது, வாயு ரத்தத்தில் கலக்கும் அபாயம் உண்டு.

இப்போது பணக் கணக்கு. 35 சதவீதம் ஒரு லிட்டர் வாங்கித் தண்ணீர் கலந்தால் சுமார் 13 லிட்டர் 3 சதவீதக் கரைசல் கிடைக்கும். மலிவாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் இந்தக் கணக்கில் செலவுப் பக்கம் ஒரு வரி விட்டுப்போகிறது. 35 சதவீதம் கையில் பட்டால் தோல் வெளுத்து எரியும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். ஒரு வாய் குடித்தால் வயிற்றில் ஆக்சிஜன் பொங்கி ரத்தக் குழாய்களை அடைத்து உயிரையே எடுக்கலாம். 'ஃபுட் கிரேடு' என்று எழுதியிருந்தாலும் அது குடிப்பதற்கு இல்லை. பாலில் கலப்பதும் நம் நாட்டில் தடை செய்யப்பட்டதுதான்.

இன்னும் செறிவான ரகம் ராக்கெட், டார்பிடோ எரிபொருளுக்கு. 2000 ஆகஸ்ட்டில் ரஷ்யாவின் கூர்ஸ்க் நீர்மூழ்கிக் கப்பல் வெடித்து 118 பேர் இறந்தார்களே, அது டார்பிடோவில் இருந்து கசிந்த செறிந்த பெராக்சைடால் என்று அந்த நாட்டு விசாரணை சொன்னது.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வெயில் படாத இடத்தில், வாங்கின பாட்டிலிலேயே வைக்க வேண்டும். வினிகர், பிளீச்சிங் பவுடரோடு கலக்கக் கூடாது. கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

முக்கியமாக, காலி தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. நிறமில்லை, பார்த்தால் தண்ணீர் மாதிரியேதான் இருக்கும். லேபிளும் இல்லை என்றால், தாகத்தோடு வரும் குழந்தைக்கு எப்படித் தெரியும்?