உதவியாளர்னு ஒரு பேரு

பள்ளிக்கூடத்துலேர்ந்து ஆள் வந்திருக்குன்னா, ஆஸ்திரேலியாவுல ஒரு பூர்வகுடிப் பாட்டிக்கு வயித்தைக் கலக்கினா அதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லை. பிள்ளைகளை அரசாங்கமே வீட்டுலேர்ந்து பிரிச்சுக் கொண்டுபோன காலத்தைப் பார்த்தவங்க இன்னும் இருக்காங்க. நியூ சவுத் வேல்ஸ்ல, வெள்ளைக்காரப் பெற்றோர் ஆட்சேபிச்சா பூர்வகுடிப் பிள்ளையைப் பள்ளியை விட்டு அனுப்பற அதிகாரம் தலைமையாசிரியருக்கு இருந்துச்சு. அந்த விதியை எடுத்தது 1972ல. அன்னிக்கு வெளியே நின்ன பிள்ளை இன்னிக்குப் பாட்டி, அவ்வளவுதான்.

இந்தப் பாட்டிக்கும் பள்ளிக்கும் நடுவுல நிக்கறதுக்குன்னே அங்கே ஒரு உத்தியோகம் இருக்கு. நியூ சவுத் வேல்ஸ்ல அபோரிஜினல் எஜுகேஷன் ஆபீசர். விக்டோரியால கூரி என்கேஜ்மென்ட் சப்போர்ட் ஆபீசர் (சொல்லி முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிடும்!). பூர்வகுடி மக்கள்லேர்ந்தே வர்றவங்க.

என்ன வேலைன்னு கேட்டா சொல்றது கஷ்டம். பையன் மூணு நாளா வரலை. பதிவேட்டுல வெறும் 'ஆப்சென்ட்'. சொந்தத்துல ஒரு சாவு, சடங்குக்காகக் குடும்பமே வேற ஊர் போயிருக்குன்னு இவங்களுக்குத் தெரியும். இன்னொருத்தன் கூப்பிட்டாத் திரும்பறதில்லை, திமிர்னு டீச்சர் நினைக்கறாங்க. நடுக்காதுல சீழ், கேட்கலை. பூர்வகுடிக் குழந்தைகள்கிட்ட இது ரொம்ப அதிகம். ஒரு பொண்ணு டீச்சர் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேங்கறா. பல சமூகங்கள்ல அதுதான் மரியாதை. (பெரியவங்க முன்னாடி தலை குனிஞ்சு நின்ன நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.) வகுப்பு முன்னாடி எழுப்பி நிறுத்திப் பாராட்டினாக்கூட சில பிள்ளைங்க கூனிக் குறுகிப்போகும். இதையெல்லாம் டீச்சருக்குப் பக்குவமா யார் எடுத்துச் சொல்றது?

அஞ்சு மணிக்குக் கடையில வரிசையில நின்னாலும் யாராவது பேரனைப் பத்திக் கேப்பாங்க. அதுக்கெல்லாம் ஓவர்டைம் போட எந்தப் படிவத்துலயும் கட்டம் கிடையாது.

வடக்குப் பிரதேசத்துல கதை இன்னும் விசித்திரம். 1973லேர்ந்து அங்கே சில பள்ளிகள்ல தாய்மொழியிலயும் பாடம். பிள்ளைகளோட மொழி தெரிஞ்சவர் உள்ளூர்க்காரர், அவர் 'உதவி' ஆசிரியர். மொழி தெரியாம வெளியூர்லேர்ந்து வந்தவர் 'ஆசிரியர்'. தொலைதூர ஊர்கள்ல ஆசிரியர் ஒண்ணு ரெண்டு வருஷத்துல மாற்றல் வாங்கிட்டுப் போயிடுவார். அடுத்து வர்றவருக்கு ஊரையும் பிள்ளைகளையும் அறிமுகப்படுத்தறது மறுபடி அதே உதவியாளர். சம்பளம் மட்டும் ஆசிரியரைவிடக் கம்மி. எனக்கு எரிச்சல் வர்ற இடம் இதுதான். யாருக்கு யார் உதவிங்க?

பட்டம் இல்லைம்பாங்க. சரி, அதுக்கு வழி பண்ணணும்ல? பாட்ச்லர்ங்கற சின்ன ஊர்ல உள்ள கல்லூரி 1970கள்லேர்ந்து இப்படி உதவியாளரா இருந்தவங்களுக்குப் பயிற்சி கொடுத்துச்சு. ஊரை விட்டு நிரந்தரமாக் கிளம்பாமலே ஆசிரியராகலாம்னு அது காட்டுச்சு. 1990ல யிர்க்கலா பள்ளிக்கு மண்டாவுய் யூனுபிங்கு முதல்வரானார். யோத்து யிண்டி குழுவோட பாடகரா நிறைய பேருக்குத் தெரிஞ்சவர். அதே ஊர்க்காரர், யோல்ங்கு மொழிக்காரர்.

2008ல வடக்குப் பிரதேச அரசு, தினமும் முதல் நாலு மணிநேரம் இங்கிலீஷ்லதான் பாடம்னு உத்தரவு போட்டுச்சு. பின்னாடி தளர்த்தினாங்க. ஆனா தாய்மொழியில பாடம் எடுத்துட்டிருந்த உதவி ஆசிரியர்களுக்கு அந்த உத்தரவு மிச்சம் வெச்சது மத்தியானப் பொழுது மட்டும்தான்.