உலக முடிவின் விளிம்பில்

பாமன்கடையில் கடற்காற்றோடு வாழும் நமக்குக் குளிர் ஓர் அதிசயமே. பாடசாலை விடுமுறையில் குடும்பத்தோடு ஹோட்டன் சமவெளிக்குப் போயிருந்தோம்.

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரம். 1988 முதல் தேசிய பூங்கா. சுமார் 9 கிலோமீற்றர் சுற்றி நடக்க வேண்டும். நாங்கள் பிந்திவிட்டோம். ‘உலக முடிவை’ அடையும்போது பத்து மணி தாண்டி, பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவிட்டது. விளிம்புக்குக் கீழே 800 மீற்றருக்கும் அதிகமான பள்ளம். கண்ணுக்கோ வெறும் வெண்மை.

“வாப்பா, இதில வெச்சு ஒரு போட்டோ எடுங்க” என்று பின்னால் நகர்ந்தான் மகன். ஈரக் கல் வழுக்கியது. எட்டிச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அல்ஹம்துலில்லாஹ்!

2015 இல் நெதர்லாந்துப் பயணி ஒருவர் இதே இடத்தில் படம் எடுக்கும்போது பின்வாங்கி விழுந்தார். சுமார் 40 மீற்றர் கீழே ஒரு மரம் தாங்கியது; இராணுவத்தினர் மீட்டனர். எல்லோருக்கும் அப்படியொரு மரம் வாய்க்காது.

பெற்றோரே, போய்ப் பாருங்கள். ஆனால் விடியலிலேயே நடையைத் தொடங்குங்கள். பாதையை விட்டு விலகாதீர்கள். விளிம்பில் கமராவை அல்ல, பிள்ளையின் கையைப் பிடியுங்கள். பிள்ளையை அழைத்துச் சென்றவர் நாம். பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பும் நமதே.