கடலுக்கு அந்தப் பக்கம் – 6: கிணற்றில் ஒரு கோடு

கோடியக்கரை முனையிலிருந்து காங்கேசன்துறை 60 கிலோமீட்டர்கூட வராது. நான் யாழ்ப்பாணத்து மானிப்பாய்க்கு வந்த வழி வேறு. வேதாரண்யத்தில் பஸ் ஏறி, ஒரு ராத்திரி முழுக்க வடக்கே போய், சென்னையில் விமானம் பிடித்து, போன தூரத்தையே ஆகாயத்தில் திரும்பி வந்து பலாலியில் இறங்கினேன். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் இருக்கிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அதை நம்பிப் பெட்டி கட்டுகிறவன் கடலை அறியாதவன். எங்கள் ஊர்க்காரன் அந்தத் தப்பைச் செய்ய மாட்டான். விமானத்தில் ஜன்னலோர இடம் கேட்டு வாங்கியும் பலனில்லை. கீழே எங்கள் உப்பளம் தெரிய வேண்டிய இடத்தில் பஞ்சுப் பொதிபோல மேகம் அடைத்துக்கொண்டிருந்தது.

அது 2024 நவம்பரின் கடைசி வாரம். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் ஒன்று இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி மெதுவாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அது இன்னும் புயல் ஆகவில்லை. பெயர் மட்டும் தயாராக இருந்தது: ஃபெஞ்சல், சவூதி அரேபியா கொடுத்தது. பிள்ளை பிறக்குமுன்பே அரைஞாணில் பெயர் வெட்டி வைத்ததுபோல.

நான் தங்கிய வீடு மருதடிப் பிள்ளையார் கோயிலிலிருந்து நடக்கிற தூரம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், எழுபதைத் தாண்டியவர். நான் அவரை ஐயா என்றேன், அவர் என்னைத் தம்பி என்றார். எனக்கும் ஐம்பத்தாறு ஆகிறது என்பதை இரண்டு பேருமே கணக்கில் எடுக்கவில்லை. முதல் நாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே பேச்சு புயலுக்குப் போய்விட்டது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா எங்கள் ஊரைத் தரைமட்டமாக்கியதை நான் சொன்னேன். தென்னை ஒன்றுவிடாமல் ஒரே திசையில் தலைசாய்ந்து கிடந்ததையும், கோடியக்கரைக் காடு மொட்டையாய் நின்றதையும் சொன்னேன். கடைசியில், மனதில் இருந்ததையும் கேட்டேவிட்டேன்.

"கஜான்னு பேர் வெச்சதே உங்க நாடுதானே ஐயா?"

"ஓம் தம்பி. பேர்தான் நாங்கள் வைச்சனாங்கள். யானையைக் கடல் வளத்துது, அவிட்டு விட்டது உங்கட பக்கம்" என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

25 ஆம் தேதி மாலை சந்திக்குப் போனேன். மேற்கே கறுத்திருந்தது, கிழக்கே அதைவிடக் கறுத்திருந்தது. தெருவோரத்தில் ஒரு அம்மா தாச்சியில் எதையோ வறுத்தபடி, "கச்சான் வேணுமோ தம்பி?" என்றார். நான் வானத்தைப் பார்த்தேன். எங்கள் பக்கத்துக் கடற்கரையில் கச்சான் என்றால் மேல்காற்று. தென்மேற்கிலிருந்து வருவது சோழகம், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், இந்த மாதத்துக்கு உரியது வாடை. "இப்ப வாடைதானேம்மா, கச்சான் ஏது?" என்று கேட்டேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பேப்பர்ச் சுருளில் சூடான வேர்க்கடலையை அள்ளிக் கையில் வைத்தார். யாழ்ப்பாணத்தில் கடலைக்குப் பெயர் கச்சான். காற்றுக்கும் அதே பெயர் உண்டுதான், சோழகம் இங்கே சோளகம் ஆகிவிடுகிறது, வாடையும் கொண்டலும் அப்படியே. கடலைக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று அடுத்த இரண்டு நாளும் விசாரித்தேன். ஆளுக்கொரு கதை சொன்னார்கள், ஒன்றும் ஒட்டவில்லை. கடலை நன்றாக இருந்தது.

மழை அன்றிரவே பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டில் மழை என்றால் தொழில் நின்றது என்று அர்த்தம். ஐப்பசி பிறந்ததும் உப்பைக் குவித்து, பனையோலை போட்டு மூடிவிட்டு, தை பிறக்கும்வரை கடன் வாங்கிச் சாப்பிடுகிற குடும்பம். ஓட்டில் முதல் துளி விழுந்தால் அப்பாவின் முகம் மாறுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் நள்ளிரவில் ஐயா எழுந்து டார்ச்சும் குடையுமாய்க் கிணற்றடிக்குப் போனது எனக்கு விளங்கவில்லை. ஏதோ விழுந்துவிட்டது போலும் என்று நானும் பின்னால் ஓடினேன்.

ஒன்றும் விழவில்லை. அவர் கிணற்றுக் கட்டில் சாய்ந்து, டார்ச்சை உள்ளே அடித்து, எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊர் உறைக்கிணறு மாதிரி ஒடுங்கியதல்ல, ஒரு மாட்டுவண்டியை உள்ளே இறக்கலாம்போல அகலம். உட்சுவர் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லை வரிவரியாக அடுக்கிக் கட்டியது. துலா இருந்த தூண் மட்டும் மிச்சம், இப்போது மோட்டார்தான் இறைக்கிறது. ஆவணியில் தண்ணீர் பதினொரு வரி கீழே கிடந்ததாம். அன்றிரவு ஆறு. 26 காலையில் நாலு. ஒவ்வொரு தடவையும் அவர் எண்ணிக்கையை உள்ளே போய் மனைவியிடம் சொல்வார், நான் அம்மா என்று அழைத்த அவர் "ம்" என்பார். பரீட்சை மார்க் கேட்பதுபோல இருக்கும்.

குடாநாட்டில் வருஷம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. மழை விழுந்து, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அடியில் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் கடல்தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைந்தது, உவர் கனத்தது. எண்ணெய் தண்ணீரின் மேல் நிற்பதுபோல நிற்கும், இறைக்கிற அளவு மிஞ்சினால் கீழே இருக்கும் உவர் மேலே ஏறிவிடும். அந்த நல்ல தண்ணீருக்கு வழி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதம்தான். சித்திரையில் இடியோடு வரும் சிறுமாரி தூசியை அடக்கும், அவ்வளவே. மருதடியில் சித்திரை வருடப்பிறப்பன்று தேர். தேர் இருப்புக்கு வருமுன் வானம் இடித்து வடக்கயிறு நனைந்த கதைகளை அம்மா சொன்னார். அந்த மழை கிணற்றுக்குக் காணாது. கிணற்றை நிரப்புவது வாடைக்காலத்துத் தாழமுக்கம்தான். எங்கள் பக்கம் தாழ்வு மண்டலம் என்பதை இவர்கள் தாழமுக்கம் என்கிறார்கள்.

எந்தக் காற்றுக்கு அப்பா பயந்து உப்பை மூடினாரோ, அதே காற்றை 60 கிலோமீட்டர் தள்ளி ஒரு குடும்பம் குடை பிடித்துக்கொண்டு எண்ணிப் பார்க்கிறது. இதைச் சொன்னபோது ஐயா, "காத்தை ஆர் எண்ணினது? தண்ணியைத்தான்" என்று திருத்தினார்.

26 இரவு கொஞ்சம் காற்று எழுந்தது. முருங்கை முறிந்தது, கரண்ட் போயிற்று, பனையில் காவோலை ஒன்றோடொன்று உரசி யாரோ நடந்துவருவதுபோல ஓசை எழுப்பியது. கஜாவைப் பார்த்த எனக்கு இது காற்றாகவே படவில்லை. விடிந்தால் தெரிந்தது, விஷயம் காற்றில் இல்லை என்று. ஒழுங்கை முழுவதும் முழங்கால் தண்ணீர். "காத்து வந்தால் ஒரு ராத்திரி. தண்ணி வந்தால் ஒரு கிழமை" என்றார் ஐயா. ஒரு காலத்தில் ஒழுங்கையோடு ஒட்டி வெள்ள வாய்க்கால் ஓடியதாம். இப்போது அதன்மேல் ஒருவருடைய மதில், இன்னொருவருடைய கார்க் கொட்டகை. யாருடையது என்று ஊருக்கே தெரியும், நான் எழுதப் போவதில்லை. பள்ளக் காணிக்காரர்கள் பாயும் அடுப்புமாய் வாசிகசாலைக்கு ஏறிவிட்டார்கள். உயர்தரப் பரீட்சை தொடங்கி மூன்றாம் நாளே நாடு முழுக்க நிறுத்தப்பட்டது. பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை இரசாயனவியல் புத்தகத்தோடு திண்ணையில் உட்கார்ந்து, சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று 27, மாவீரர் நாள். வடக்கில் பல இடங்களில் மழையிலேயே, குடைக்குள் சுடரை மறைத்து ஏற்றினார்கள். மாலையில் அம்மா வாசலில் ஒரு விளக்கு வைத்தார். யாருக்கென்று நான் கேட்கவில்லை.

28 பகல் மழை ஓய்ந்தது. வழுக்கையாற்றைப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஐயா கிளம்பினார். அவருக்கு ஒரு பழைய லுமாலா சைக்கிள், எனக்கு அவர் மகன் கனடா போகுமுன் ஓடிய இன்னொரு லுமாலா. வழியில் மறுபடி தூறல் பிடிக்க, கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை வாசலில் ஒதுங்கினோம். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலிருந்து 1847 இல் வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், இந்த மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழில் வைத்தியம் கற்பித்தார், உடற்கூற்றியலைத் தமிழில் மொழிபெயர்த்து அச்சிட்டார். பனி கொட்டும் ஊர்க்காரர், இந்த மழையை என்னவென்று நினைத்திருப்பார்? ஊர் திரும்பி 1884 இல் இறக்குமுன், தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவன் என்று கல்லறையில் பொறிக்கச் சொன்னார். தூறல் விட்டது, மிதித்தோம்.

வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும் ஆறு. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி வயல்களுக்குள் புகுந்து, அராலியில் கடனீரேரியில் விழுகிறது. மற்ற எட்டு மாதம் அது ஆடு மேய்கிற பள்ளம். நவாலிப் பக்கம் போனபோது ஆறு எது, வயல் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. காலபோக நெல்லின் நுனி மட்டும் நீருக்கு மேல் தலைமயிர்போல அலைந்தது. ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று மண்வெட்டியால் வரம்பை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். சிறுவர்கள் பாலத்தின் மேலிருந்து வலை போட்டு, குளத்திலிருந்து தப்பி வந்த மீனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காவி நிறத்தில், நுரையோடு, தண்ணீர் மேற்கே அவசரமாகப் போனது.

"உதெல்லாம் கடலுக்குத்தான்" என்றார் ஐயா. "பங்குனியிலை ஒரு பரல் தண்ணிக்கு பவுசரைப் பாத்துக்கொண்டு நிப்பம். இப்ப பார்."

யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டம் அவருக்கு மனப்பாடம். 1950களில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் வகுத்தது. ஆனையிறவுக் கடனீரேரியைக் கடலிலிருந்து அடைத்து, கனகராயன் ஆற்று வெள்ளத்தை அதில் தேக்கி நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாகக் குடாநாட்டுக்குள் கொண்டுவருவது. அணையும் வாய்க்காலும் பாதி வெட்டியதோடு நின்றன. ஐயா பாலத்தின் ஈரக் கைப்பிடிச் சுவரில் விரலால் படம் வரைந்து விளக்கினார், கணித ஆசிரியர் என்பதால் அளவுகளோடு. நான் தலையாட்டினேன். ஒரு சிறுவன் வலையை விட்டுவிட்டு வந்து அவர் விரலைப் பார்த்தான். படம் அரை நிமிஷத்தில் வழிந்துபோயிற்று.

திரும்பி வந்ததும் கிணறு. கட்டில் குனிந்து கையை நீட்டினால் தண்ணீரைத் தொடலாம். வெயில் கொஞ்சம் எட்டிப்பார்த்ததால் முதல் தடவையாகச் சுவரின் மேல்வரியைப் பகலில் பார்த்தேன். கல்லில் ஆணியால் கீறிய கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு எண். 64. அது தனுஷ்கோடியைக் கொண்டுபோன புயல், டிசம்பர் 22, ஐயாவின் அப்பா கீறியது. கீழே, மேலே என்று வேறு பல. 08 என்பது நிஷா. போர் நடந்துகொண்டிருந்தது, ஏ9 பாதை மூடியிருந்தது, மழை மட்டும் தடையில்லாமல் வந்தது. 20 என்பது புரெவி. 08 கோடுதான் எல்லாவற்றுக்கும் மேலே.

"95 எங்கே ஐயா? அந்த வருஷம் மழை இல்லையா?"

"நல்ல மழை." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஒக்டோபர் 30 ராத்திரி, ஆமி வருதெண்டு எல்லாரும் வெளிக்கிட்டம். வலிகாமம் முழுக்க. நாவற்குழிப் பாலத்திலை மழைக்கை நிண்டனாங்கள், ஒரு அடி வைக்க அரை மணித்தியாலம். அந்த மாரி கிணத்தைப் பாக்க இஞ்சை ஆள் இல்லை."

அம்மா எட்டிப் பார்த்து, தண்ணியைக் கொதிக்க வைக்காமல் தம்பிக்குக் குடுத்துப்போடாதேங்கோ என்றார். கிணறு நிறைந்தால் வருகிற அடுத்த தலைவலி அது. மலசலகூடக் குழியும் நிறையும், இரண்டும் நிலத்துக்குள் கைகுலுக்கும். பிஎச்ஐ எனும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போடும்வரை கொதித்தாறிய தண்ணிதான். இத்தனை நாள் எண்ணி எண்ணிக் காத்த தண்ணீரை வாயில் வைக்க முடியாது.

சாயங்காலம் ஊருக்குப் பேசினேன். தம்பிதான் எடுத்தான்.

"உப்பளம் முழுகிடுச்சு. மூடி வெச்சதுலயும் பாதி கரைஞ்சிருக்கும். அங்க எப்படி?"

"இங்க விட்டுடுச்சு."

"எங்க விட்டுச்சு? இன்னும் நம்ம ரெண்டு பேர் பக்கமும் பார்த்துக்கிட்டு கடல்லதான் நிக்குதாம்" என்றான்.

அது பிறகு வடக்கே போனது. 29 இல் புயலாகி, 30 இரவு புதுச்சேரிப் பக்கம் ஏறி, நகராமல் நின்று, ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அந்தச் செய்தி வந்தபோது நான் பருத்தித்துறையில் இருந்தேன்.

28 சாயங்காலத்துக்கு வருகிறேன். ஐயா ஒரு துருப்பிடித்த ஆணியும் சுத்தியலுமாய்க் கிணற்றுக் கட்டில் குந்தியிருந்தார். தண்ணீர் 08 கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே நின்றது. கீறப் போகிறார் என்று கைபேசியில் படம் எடுக்கத் தயாரானேன். அவர் ஆணியைக் கல்லில் வைத்தார், தண்ணீரைப் பார்த்தார், கிழக்கே வானத்தைப் பார்த்தார். பிறகு ஆணியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மார்கழி இன்னும் கிடக்கு தம்பி."

(தொடரும்)