நம்ம மண்டலத்துக்குத் தண்ணி

எங்கள் ஊர்ப் பக்கம் யாரையாவது 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். 'இருக்கறனுங்க' என்பார்கள். கொஞ்சம் நெருங்கிய ஆள் என்றால், 'ஏதோ ஓடுதுங்க' என்று பதில் வரும். தேங்காய் நல்ல விலைக்குப் போயிருக்கும். பையன் வேலையில் சேர்ந்திருப்பான். மகள் பிரசவத்துக்கு வந்திருப்பாள். ஆனாலும், 'சந்தோஷமா இருக்கறேன்' என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண்ணு பட்டுவிடும்!

பட்டால் படட்டும். போன வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

லாட்டரி எதுவும் விழவில்லை. (தமிழ்நாட்டில் 2003-லேயே அதைத் தடை செய்துவிட்டார்கள், விழவும் வழியில்லை.) சம்பளம் ஏறவில்லை. நிலத்துக்கு விலை கேட்டு யாரும் வரவில்லை. நடந்ததை எல்லாம் எழுதினால் ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும். ஆனாலும் எழுதத் தோன்றுகிறது.

முதலில் காற்று. ஆடி கடைசியில் உடுமலைப்பேட்டைக்கு வந்தால் உங்களை முதலில் வரவேற்பது அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலை நீளமாகச் சுவர் மாதிரி நிற்கிறது அல்லவா, அதில் பாலக்காட்டுப் பக்கம் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மழையை எல்லாம் கேரளத்தில் கொட்டிவிட்டு, அந்த வாசல் வழியாகக் கை வீசிக்கொண்டு எங்கள் பக்கம் வரும். கூடவே கொஞ்சம் சாரல். பூளவாடி, குடிமங்கலம் பக்கம் காற்றாலைகள் ராத்திரி பகல் பார்க்காமல் சுற்றும். வீட்டில் கதவுகள் தாமாகவே சாத்திக்கொள்ளும்.

திங்கட்கிழமை மொட்டை மாடியில் காயப்போட்ட துண்டு ஒன்று பறந்துபோய்விட்டது. சாயங்காலம் இரண்டு வீடு தள்ளியிருக்கும் அக்கா அதை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். மேலே ஒரு பிடி முருங்கைக் கீரை.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"துண்டை மட்டும் குடுத்தா நல்லாருக்காதுங்களே" என்றார்.

காற்று நம்மிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போய், இரண்டாகத் திருப்பிக் கொடுத்தது. எந்த பாங்க்கில் இந்த வட்டி தருகிறார்கள்?

புதன்கிழமை காலையில் உழவர் சந்தைக்குப் போனேன். 1999-ல் மதுரையில் முதல் சந்தை திறந்து, பிறகு ஊர் ஊராக வந்ததில் எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. விளைவிப்பவரே நேரில் விற்கலாம், இடைத்தரகர் கிடையாது என்பது ஏற்பாடு. எங்கள் வீட்டில் அது அம்மாவின் இலாகா. ஆறு மணிக்கே மஞ்சள் பையோடு கிளம்பிவிடுவார். கடந்த தை மாசம் அம்மா தவறிய பிறகு, பை என் கைக்கு வந்தது.

அவரைக்காய் விற்கும் பாட்டி ஒருத்தர். நான் அம்மாவின் பையன் என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். முகமா, பையா தெரியவில்லை.

"அம்மா வர்றதே இல்லீங்களே சாமி?"

சொன்னேன். பாட்டி ஒன்றும் பேசவில்லை. அவரைக்காயை நிறுத்துப் போட்டார். பிறகு ஒரு கொத்து கறிவேப்பிலை, கொஞ்சம் கொத்தமல்லி, நாலு பச்சை மிளகாய். அதற்கும் காசு எவ்வளவு என்று கேட்டேன்.

"அது உங்கம்மாளுக்குப் போடறதுங்க. எப்பவும் போடறதுதான்."

கம்ப்யூட்டர் பில் வந்த பிறகு கொசுறு என்ற சொல்லையே நம் பிள்ளைகள் மறந்துபோனார்கள். தராசுக்கு வெளியே விழுகிற அந்த ஒரு பிடிக்கு எந்த பில்லிலும் வரி கிடையாது. இதைச் சந்தோஷக் கணக்கில் எழுதுவதா, வேண்டாமா என்று வீடு வரைக்கும் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

வியாழக்கிழமை விடிகாலை போன் வந்தது. தளிப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர். அதைக் குத்தகைக்கு ஓட்டுகிறவர் பேசினார்.

"ஏனுங்க, தண்ணி நம்ம மடைக்கு வந்துருச்சுங்க. அப்பாகிட்டச் சொல்லீருங்க."

சென்னைக்காரர்களுக்கு இந்த ஒரு வரியின் எடை புரிய, கொஞ்சம் பூகோளம் சொல்ல வேண்டும். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம், எங்கள் பாஷையில் பி.ஏ.பி. ஆனைமலையில் பிறந்து மேற்கே அரபிக் கடலுக்குப் போகும் ஆறுகளை அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்ட திட்டம். தமிழ்நாடும் கேரளமும் 1970-ல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. சர்க்கார்பதியிலிருந்து 49 கிலோமீட்டர் மலையை ஒட்டியே காண்டூர் கால்வாயில் வந்து திருமூர்த்தி அணையில் சேர்கிறது தண்ணீர். அங்கிருந்து வயலுக்கு. பாசன நிலம் மொத்தம் சுமார் 3.77 லட்சம் ஏக்கர். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் விட, தண்ணீர் போதாது. அதனால் நாலு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு மண்டலத்துக்கும் முறை வருவது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. அதிலும் சுற்றுச் சுற்றாக, சில நாள் விட்டு, சில நாள் நிறுத்தி.

இப்போது எங்கள் முறை.

அப்பாவுக்கு எழுபத்தொன்பது வயசு. தை மாசத்திலிருந்து, கேட்டால் பதில் சொல்வார், போட்டால் சாப்பிடுவார். அவராக எதையும் கேட்டதில்லை. திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, பிரஷர், சுகர் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். எல்லாம் சரியாக இருந்த மனிதர் ஏழு மாசத்தில் எட்டு கிலோ இளைத்திருந்தார். வீட்டில் யாரும் அதைச் சத்தமாகப் பேசுவதில்லை. ராத்திரி அவர் அறைப் பக்கம் போய், மூச்சு சீராக வருகிறதா என்று நின்று கேட்டுவிட்டு வருவேன்.

"அப்பா, தண்ணி வந்துருச்சாம்" என்றேன்.

தெருவிலிருந்து பார்வையைத் திருப்பினார். "எத்தனை அடி போகுதாம்?"

ஏழு மாசத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி.

டி.வி.எஸ் எக்ஸெல்லில் பின்னால் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். எதிர்க் காற்றில் வண்டி நகர மாட்டேன் என்கிறது. வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி, வழியில் யார் யார் தென்னை நட்டிருக்கிறார்கள், எந்தத் தோட்டம் காலி மனையாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டே வந்தார். வாய்க்கால் கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஓடியது. குனிந்து ஒரு கை அள்ளி முகத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆரம்பித்தார் ஒரு திட்டு!

"ஏம்ப்பா, கிளை வாய்க்கால்ல இத்தாம்பெரிய ஓட்டையை வச்சுக்கிட்டு மடை திறந்தா, தண்ணி உனக்கு வருமா, ஊருக்குப் போகுமா? மம்பட்டி எங்கே?"

குத்தகைக்காரர் திட்டை வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். பொங்கலுக்குப் பிறகு அப்பா யாரையும் திட்டவில்லை என்பது அவருக்கும் தெரியும். மண்ணை வெட்டிப் போட்டு ஓட்டையை அடைத்ததும், "இப்பச் சரீங்களா?" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. ஆனால் அரை மணி நேரம் அங்கேயே நின்றார்.

அன்று ராத்திரி கொள்ளு. வியாழக்கிழமை கொள்ளு என்பது அம்மா போட்டுவைத்த சட்டம். வேகவைத்த கொள்ளை வரமிளகாய், சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு அரைத்துப் பருப்பு. இறுத்த தண்ணீரில் ரசம். அம்மா போன பிறகும் என் மனைவி ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அப்பா இரண்டு வாய் தின்றுவிட்டுக் கை கழுவிவிடுவார். 'எதுக்கு மெனக்கெடறே?' என்று நானே கேட்டிருக்கிறேன். 'இருக்கட்டும்' என்பாள்.

அன்றைக்கு அப்பா தட்டை நகர்த்தினார்.

"இன்னும் ரெண்டு கரண்டி ரசம் ஊத்து கண்ணு. உப்பு ஒரு கல்லு கம்மி."

மனைவி ஊற்றினாள். உப்பு எடுக்க உள்ளே போனவள் உடனே வரவில்லை. வந்தபோது முந்தானை ஈரமாக இருந்தது.

மறுநாள் காலையில் முகம் மழித்துக்கொண்டே 'தேவதாஸ்' பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். 1953-ல் வந்த படம். எழுதியவர் எங்கள் ஊர் உடுமலை நாராயணகவி, 1899-ல் பூளவாடியில் பிறந்தவர். சோகமான பாட்டுதான். அப்பா பாடினதில் சோகமே இல்லை.

இதையெல்லாம் பெரிய சந்தோஷம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது. இங்கே தண்ணீர் மட்டுமல்ல, பலதும் முறை வைத்துத்தான் வருகிறது. அகலப்பாதை வேலைக்காக எங்கள் ஊர் சில வருஷம் ரயிலே இல்லாமல் கிடந்தது. 2015-ல் மறுபடி ராத்திரி ரயில் சத்தம் கேட்டபோது, தூக்கம் கலைந்ததற்காக யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நம் முறை இல்லாத காலத்தில் தண்ணீர் வேறு யாருடைய வயலிலோ பாய்ந்துகொண்டிருக்கும். அதற்காக அவர்களிடம் கோபப்பட முடியாது. நம் கையில் இருப்பது ஒன்றுதான். முறை வருவதற்கு முன்னால் வாய்க்காலைத் தூர் வாரி வைப்பது. வாராமல் விட்டால், வருகிற தண்ணீரும் கடைமடைக்கு எட்டாது.

ஏழு மாசம் வாரம் தவறாமல் வைத்த கொள்ளு ரசம், தூர் வாரியதுதான். அந்தப் பாட்டி போட்ட கறிவேப்பிலையும் அதுதான்.

உங்கள் வீட்டிலும் திண்ணையில் யாராவது பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். தட்டில் வைத்தது அப்படியே திரும்பி வரலாம். வைத்துக்கொண்டே இருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை இந்தச் சுற்றுக்கு மடை அடைத்துவிட்டார்கள். அடுத்த சுற்று என்றைக்கு என்று அப்பா குத்தகைக்காரருக்கு அவரே போன் போட்டுக் கேட்டார். பிறகு என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துப்போய், காலண்டரில் அந்தத் தேதிக்கு ஒரு வட்டம் போட்டுவைத்தார்.