வானிலை அறிக்கையில் இல்லாத ஆள்

செவ்வாயும் வெள்ளியும் வேளாண் வானிலை அறிக்கை வரும். அடுத்த ஐந்து நாளைக்கான மழை, வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம், மேகமூட்டம் எல்லாம் ஒரு கட்டத்தில் இருக்கும். அதன் கீழே பயிர்வாரியாக ஆலோசனை இருக்கும். தென்காசி சுற்றுவட்டாரத்தில் அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேசுவதுதான் மூன்று வருடமாக என் வேலை. நான் வானிலை படித்தவள் இல்லை, படித்தது சமூகவியல். திட்ட ஆவணத்தில் என் வேலைக்கு ‘காலநிலைத் தகவமைப்பு’ என்று பெயர். காலனியில் எனக்கு ‘மழைக்காரப் பிள்ள’ என்று பெயர்.

சமூகப்பணி படிக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “அக்கா, நீங்க சாதி ஒழிப்பு வேலைய விட்டுட்டு ஏன் மழைய அளந்துட்டு இருக்கீங்க?” இரண்டும் ஒரே வேலை என்று சொன்னால் மழுப்புகிறேன் என்று நினைக்கிறார்கள். அதனால் அறிக்கையையே எடுத்து வாசித்துக் காட்டுகிறேன்.

‘மழை எதிர்பார்க்கப்படுவதால் பூச்சிமருந்து தெளிப்பதைத் தள்ளிவைக்கவும்.’ ‘மேலுரம் இடுவதைத் தவிர்க்கவும்.’ ‘முதிர்ந்த கதிர்களை விரைந்து அறுவடை செய்யவும்.’ எல்லாம் நல்ல ஆலோசனைதான், அறிவியல்பூர்வமானதும்கூட. ஆனால் யாரைப் பார்த்துச் சொல்கிறது? ‘தெளிப்பதைத் தள்ளிவைக்கவும்’ என்றால் முதுகில் டேங்க் கட்டித் தெளிக்கிற ஆளுக்கு நாளைக்குக் கூலி இல்லை. ‘விரைந்து அறுவடை செய்யவும்’ என்றால் நிலக்காரர் அறுப்பு மெஷினுக்குப் போன் போடுவார். ஐந்து நாள் கையறுப்பு ஒரு மத்தியானத்தில் முடிந்துபோகும். நிலம் வைத்திருப்பவருக்கு நஷ்டத்தைக் குறைக்கிற ஒவ்வொரு வரியும் இன்னொருவருடைய வேலைநாளை நகர்த்துகிறது அல்லது அழிக்கிறது. அந்த இன்னொருவருக்கு அறிக்கையில் இடமே கிடையாது. எழுதுகிறவர்கள் கெட்ட எண்ணத்தில் விட்டுவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ‘விவசாயி’ என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் பட்டா வைத்திருப்பவர் என்றுதான் அர்த்தம். அந்த அர்த்தம் வானிலை ஆய்வு மையம் வருவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே முடிவாகிவிட்டது.

இந்தப் பக்கத்து மழையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்க, எங்களுக்கு இரண்டு மழை உண்டு. ஜூன் மாதம் கேரளத்தில் பிடிக்கிற தென்மேற்கு மழை ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரலாக இந்தப் பக்கம் இறங்கும். வெளியூர்க்காரர்களுக்கு அது குற்றாலம் சீசன், எங்களுக்குக் கார் சாகுபடி. குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, ராமநதி, கடனாநதி அணைகளில் தண்ணீர் ஏறினால்தான் நாற்று பாவுவார்கள். ஐப்பசி மழையில் பிசானம். நடவும் களையெடுப்பும் காலனிப் பெண்களின் கையில். சீசன் இரண்டு வாரம் தள்ளிப்போனால் அருவிக்கரைக் கடைக்காரர்கள் கவலைப்படுவது பத்திரிகையில் படத்தோடு வரும். அதே இரண்டு வாரத்தில் நடவு இல்லாமல் போன வீடுகள் வட்டிக்கு வாங்கிச் சாப்பிட்டது எதிலும் வராது. சங்கரன்கோவில் பக்கம் போனால் இதுவும் கிடையாது, அங்கே மானாவாரி. மேகம் நம் தலைக்குமேல் தாண்டிப் போவதை நின்று பார்க்கவேண்டியதுதான்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். அதற்கப்புறம் மலையில் மழை என்றால் உடனே குளிக்கத் தடை, டிவியில் கீழே ஓடும் செய்தி. செய்யவேண்டிய காரியம், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அருவியில் விழுந்த அதே தண்ணீர்தான் சிற்றாறாகத் தென்காசி வழியாகக் கீழே ஓடுகிறது. அதன் கால்வாய்களையும் ஓடைகளையும் ஒட்டித் தாழ்வான இடத்தில் யாருடைய வீடுகள் இருக்கின்றன என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அங்கே யாரும் மைக் கட்டிச் சொல்வதில்லை.

முதல் வருடம் ஒரு காலனியில் அறிக்கையை வாசித்து முடித்ததும், களையெடுப்புக்குப் போகிற ஒரு பெரியம்மா கேட்டார்: “நீ சொல்றது சரிதாம்மா. மழ வருமா வராதாங்கத விடு. நாளைக்கு வேல உண்டுமா கிடையாதா, அதச் சொல்லு.”

இந்தக் கேள்விக்கு அறிக்கையில் பதில் தேடிப் பாருங்கள், இருக்காது. மழை 24 மணி நேரக் கணக்கில் வரும், ஒரு நாள் காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 மணி வரை. கனமழை என்று எச்சரிக்கை தர 64.5 மில்லிமீட்டரைத் தொடவேண்டும். 2.5இல் இருந்து 15.5 மில்லிமீட்டர் வரை ‘லேசான மழை’. அதற்கு எந்த எச்சரிக்கையும் கிடையாது, பயிருக்கு அது நல்லதுதான். ஆனால் பத்து மில்லிமீட்டர் ராத்திரி பெய்தால் வேலை உண்டு. அதே பத்து மில்லிமீட்டர் காலை ஒன்பது மணிக்குப் பெய்தால் அன்றைய கூலி போச்சு. விடியும் முன்னே சோறு கட்டி, லோடு ஆட்டோவில் நெருக்கி நின்று, பாவூர்சத்திரம் பக்கமோ சுரண்டை பக்கமோ உள்ளி வயலில் போய் இறங்கிய பிறகு மழை பிடித்தால், திரும்பி வரும் ஆட்டோ வாடகையும் இவர்கள் தலையில்தான். பயிருக்கு ‘லேசான’ மழை இவர்களுக்கு ஒரு நாள் பட்டினி. அளவுகோலை யாருடைய நஷ்டத்தை வைத்துச் செய்தார்கள் என்பது இங்கே தெரிந்துவிடுகிறது.

வெயிலும் அப்படித்தான். சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டால்தான் வெப்ப அலை பற்றிய பேச்சே தொடங்கும். தண்ணீர் கட்டின வயலில் குனிந்து நடுகிற பெண்ணுக்கு மேலே வெயில், கீழே ஆவி. 36 டிகிரியே போதும், தலை சுற்றி வரப்பில் உட்கார்ந்துவிடுவார். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்கவேண்டிய அறிவிப்பு. ஆனால் சாகாமல் கூலியை மட்டும் இழந்தவருக்கு அதில் ஒன்றுமில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் ஒரு கணக்குப் போட்டது: 2030க்குள் வெயிலால் இந்தியா இழக்கப்போகும் வேலைநேரம் 3.4 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம். அந்த எண்ணுக்குள் சாதி எழுதப்படவில்லை. எழுதினால் எப்படி இருக்கும் என்று நம் வயல்களைப் பார்த்தாலே தெரியும்.

இனி நிவாரணம். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை மறந்திருக்கமாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். முன்கூட்டியே சொன்னார்களா இல்லையா என்று சென்னையும் டெல்லியும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தன. எங்களுக்கு இருந்த பிரச்சினை வேறு. பயிர் 33 சதவீதத்துக்கு மேல் சேதமானால் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. பணம் வாங்க அடங்கலில் பெயர் வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஏழு வருடமாக ஒரே நிலத்தைப் பாட்டத்துக்குச் செய்கிறது. விதை அவர்களுடையது, உரம் அவர்களுடையது, கடனும் அவர்களுடையது. எல்லாம் வாய்ப்பேச்சு, ஒரு துண்டுச்சீட்டு கிடையாது. பிசானம் தண்ணீருக்குள் போனது. நிவாரணம் நிலக்காரர் கணக்கில் ஏறியது. “நீ அடங்கல் கேட்டிருந்தா அப்பவே நிலத்த விட்டு எறக்கிருப்பேன்” என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். ஏன் இந்தப் பயம்? தமிழ்நாட்டில் 1955இல் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969இல் குத்தகை உரிமையைப் பதிவுசெய்யும் சட்டம் வந்தது. பெயர் ஏறினால் உரிமை வந்துவிடும் என்பது நிலக்காரருக்கு நன்றாகத் தெரியும். ஆக, குத்தகைதாரரைக் காப்பாற்ற வந்த சட்டமே அவருடைய பெயர் ஏட்டில் ஏறாமல் இருப்பதற்குக் காரணமாகிவிட்டது. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரருக்கும் இடமுண்டு என்று எழுத்தில் இருக்கிறது, ஆனால் அதற்கும் அதே காகிதம் வேண்டும். பி.எம். கிசான் 6,000 ரூபாய் நில உரிமையாளருக்குத்தான். சொட்டுநீருக்கு சிறு குறு விவசாயிக்கு நூறு சத மானியம் உண்டு, ஆனால் நிலமும் கிணறும் இருந்தால்தானே குழாய் பதிக்க முடியும்? 1892இல் ஒதுக்கிய பஞ்சமி நிலம் எங்கே போனது என்ற கேள்வியைப் பழைய கேள்வி என்று நினைக்கிற தம்பிமார்களுக்குச் சொல்கிறேன்: காலநிலைத் தகவமைப்பு என்று இன்று வருகிற ஒவ்வொரு திட்டத்தின் விண்ணப்பப் படிவத்திலும் அந்தக் கேள்வி இருக்கிறது. ‘சர்வே எண்’ என்று ஒரு கட்டம் போட்டிருப்பார்கள்.

அறிக்கைகளை மாவட்ட அளவில் தயாரிக்க நாடு முழுக்க 199 அலகுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வேளாண் வானிலை நிபுணரும் ஒரு உதவியாளரும் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தார்கள். 2024 தொடக்கத்தில் அவற்றை மூடிவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ‘மிஷன் மௌசம்’ திட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ரேடார் வேண்டும், கணினி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணிப்பைத் தரைக்குக் கொண்டுவந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளமும் வேண்டும். மேகத்துக்குச் செலவழிக்கத் தயாராக இருக்கிற அரசு, மேகத்தைப் பற்றிச் சொல்கிற ஆளை முதலில் வெட்டியது.

நல்ல முன்மாதிரியும் இருக்கிறது, அதுவும் பக்கத்திலேயே. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அலை உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடற்கரையில் நின்ற எல்லோர் காதிலும் அது விழுந்தது, போன் வேண்டாம், பதிவும் வேண்டாம். எம்பலத்தில் மையம் கோயில் கட்டடத்திலேயே இருந்தது. சாமி இருந்த வாசலில் தலித்துகளுக்கு அனுமதி இல்லை, கணினி இருந்த வாசலில் யாரும் நுழையலாம். ஒரே கட்டடம், இரண்டு வாசல்! எனக்கு இது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிற கதை. இன்றைய வாட்ஸ்அப் குழுக்களைப் பார்த்தால் அந்த இரண்டாவது வாசலும் சாத்திக்கொண்டது போலத்தான் தெரிகிறது. குழுவில் சேர நிலம் வேண்டும், ஸ்மார்ட்போன் வேண்டும். இருக்கிற ஒரு போனும் வீட்டு ஆம்பளை பையில் இருக்கும்.

இன்னொன்று குஜராத்தில். சேவா அமைப்பு 2023இல் 21,000 பெண் தொழிலாளர்களுக்கு வெயில் காப்பீடு ஏற்பாடு செய்தது. குறிப்பிட்ட அளவைத் தாண்டி வெப்பம் ஏறினால் அவர்கள் கணக்கில் பணம் விழும். பட்டா கேட்பதில்லை, பயிர் செத்ததா என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. தொகை சின்னது. காப்பீட்டுக் கம்பெனியை நம்பி ஓர் உரிமையை ஒப்படைக்கலாமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு, இதை அரசு செய்யவேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனாலும் வானிலை அளவை வைத்துக் கூலி இழப்பைக் கணக்கிட முடியும் என்று அது காட்டிவிட்டது.

பெரியம்மாவின் கேள்விக்குப் பிறகு எங்கள் வேலை மாறியது. செவ்வாய் வெள்ளி அறிக்கையோடு, வானிலை மையம் ‘அடுத்த மூன்று மணி நேரத்தில்’ என்று வெளியிடுகிற அறிவிப்பையும் பார்க்கிறோம். அதிகாலையில் காலனிக்கு ஒரு பெண்ணுக்குப் போன் போகும், ஆட்டோ ஏறுமுன் அவர் எல்லோருக்கும் சொல்லிவிடுவார். கணிப்பு தவறுவதும் உண்டு. பக்கத்து ஊரில் பெய்து இங்கே ஒரு தூறலும் இல்லாத நாட்களில் எனக்கு நல்ல பேச்சு விழும்.

பெண்கள் தாங்களாகவே இன்னொன்றும் தொடங்கினார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, மழை பிடித்த நேரம், வேலை நின்ற நேரம், கிடைத்த கூலி. எழுதுவது பத்தாவது படிக்கிற ஒரு பிள்ளை. போன கார் பருவத்தில் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிலக்காரர்களிடம் பேசினார்கள்: வயலில் வந்து இறங்கிய பிறகு மழையால் வேலை நின்றால் அரைக்கூலி, ஆட்டோ வாடகை நிலக்காரர் பொறுப்பு, சித்திரை வைகாசியில் ஆறு மணிக்கு ஏறிப் பதினொன்றரைக்குக் கரையேறுவது. நேரத்துக்கு உடனே ஒத்துக்கொண்டார்கள், அவர்களுக்கு அதில் நஷ்டமில்லை. வாடகைக்குச் சிலர் சரி என்றார்கள். அரைக்கூலிக்கு இரண்டே பேர். ஒருவர், “மழைக்கும் நானா பொறுப்பு?” என்று கத்திவிட்டு வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவந்து நடவை முடித்துக்கொண்டார். அந்த வயலுக்கு இனிப் போவதில்லை என்று காலனியில் பேசி வைத்திருக்கிறார்கள். எத்தனை வீடு அதில் நிற்கும் என்று பிசானத்தில்தான் தெரியும்.

அக்டோபர் 2 கிராம சபையில் நோட்டின் நகலை மனுவோடு கொடுத்தார்கள். மழையால் போன வேலைநாளையும் பேரிடர் இழப்பாகக் கணக்கெடுக்கவேண்டும் என்பது கோரிக்கை. தீர்மானப் புத்தகத்தில் அப்படியே எழுதப்பட்டதா என்று அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளை பக்கத்தில் நின்று வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தது. ‘விவசாயிகள் கோரிக்கை’ என்று எழுதியிருந்தார்கள். அதை அடித்து ‘விவசாயக் கூலித் தொழிலாளர்கள்’ என்று மாற்றச் சொன்னது.