கரண்ட் கார் வாங்கினோம், குழி தோண்டினோம்

பங்குனி மாசம் பழைய டீசல் காரைக் கொடுத்துட்டு மதுரையில ஒரு செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கார் வாங்கினோம். எனக்காக இல்லை. தோப்புக்குப் போக எனக்கு டிவிஎஸ் போதும். வீட்டம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர். போக வர 42 கிலோமீட்டர், மாசம் 22 நாள். டீசல் லிட்டர் 92 ரூபாய்க்குப் பக்கத்துல நிக்கிறப்போ, தேங்காய் நல்ல விலைக்குப் போற மாசத்துல கூட அந்தச் செலவு கண்ணை உறுத்தும்.

விக்கிறவங்ககிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "சார்ஜருக்குத் தனியா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது சார். கன் காரோடயே வருது. வீட்ல 15 ஆம்பியர் பிளக் இருக்குல்ல? சொருகுங்க, காலையில ஃபுல்."

அவங்க சொன்னது பொய்யில்லை. 15 ஆம்பியர் பிளக் எங்க வீட்லயும் இருக்கு, கிரைண்டருக்குப் போட்டது. மதுரையில இருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல ஓட்டிக்கிட்டு வந்து, அன்னைக்கே நாலு சொந்தக்காரங்களை ஏத்தி கிருஷ்ணன்கோவில் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு வாசல்ல நிறுத்தினப்போ பேட்டரி 12 சதவீதம் காட்டுச்சு. கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிட்டு இதைச் சொருகினேன். சார்ஜர் பெட்டியில பச்சை விளக்கு எரியணும். சிவப்பு எரிஞ்சது. பிடுங்கிச் சொருகினேன், மறுபடியும் சிவப்பு. நாலாவது தடவை, சின்னப் பிள்ளைங்க மாதிரி, பிளக்கை ஊதிட்டும் சொருகிப் பார்த்தேன்.

எலக்ட்ரீசியன் தம்பி ஒன்பது மணிக்கு வந்தாப்ல. டெஸ்ட் லேம்ப்பை பேஸுக்கும் நியூட்ரலுக்கும் கொடுத்தாப்ல, பல்பு பளிச்சுன்னு எரிஞ்சது. பேஸுக்கும் எர்த்துக்கும் கொடுத்தாப்ல, எரியவே இல்லை.

"அண்ணே, உங்க வீட்டுக்கு எர்த்தே இல்லை."

அப்பா காலத்துல ஒயரிங் பண்ணின வீடு. கொல்லைப் பக்கம் ஒரு கம்பி சுவத்தோரமா இறங்கி மண்ணுக்குள்ள போகும், சின்ன வயசுல இருந்து பார்த்திருக்கேன். தோண்டினா ஒரு சாண் ஆழத்துல துருப்பிடிச்சு அறுந்து கிடக்கு. எத்தனை வருஷமா அப்படிக் கிடக்கோ. இத்தனை வருஷமும் ஈரக் கையோட கிரைண்டரையும் மோட்டாரையும் தொட்டுக்கிட்டு இருந்திருக்கோம். கார்தான் "இந்த வீட்ல எனக்குப் பாதுகாப்பு இல்லை"ன்னு முதல்ல சொல்லியிருக்கு.

நாளைக்கு இன்னொரு வீட்ல வேலை இருக்கு, நாளை மறுநாள் வர்றேன்னுட்டு தம்பி கிளம்பிட்டாப்ல. வீட்டம்மாவுக்கு மறுநாள் காலையில பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு டியூட்டி. 12 சதவீதத்துல இருபது கிலோமீட்டர் போகலாம், திரும்பி வர முடியாது.

இதுக்கு மேல நடந்ததை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எழுதாம விட்டா மத்தக் கணக்கெல்லாம் பொய்க் கணக்காயிடும். அதனால எழுதிடறேன்.

அவங்க தூங்கினதும் காரை மெதுவா எடுத்துக்கிட்டு தோப்புக்குப் போனேன். டீசல் கார்னா தெருவே எழுந்திருக்கும், இதுல சத்தமே இல்லை. திருட்டுக்குன்னே செஞ்ச வண்டி. தோப்புல கிணத்து மேட்டுல மோட்டார் ரூம் இருக்கு. த்ரீ பேஸ் சர்வீஸ், விவசாயத்துக்கான இலவச மின்சாரம். ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு பிளக் போட்டு வெச்சிருப்பேன், எப்பவாவது கட்டிங் மெஷினுக்கு. அதுல சொருகினேன். பச்சை! கிணத்தடி ஈரத்துல எர்த்து பிரமாதமா இருக்கு. ஐம்பது வருஷ வீட்ல கிடைக்காத எர்த்து, எட்டுக்கு எட்டு மோட்டார் ரூம்ல கிடைச்சது.

ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மலையடிவாரத் தோப்பு. யானை வந்து குருத்தைத் தின்னுட்டுப் போன மரங்கள் நாலு இன்னும் மொட்டையா நிக்குது. வழக்கமா அந்த நேரத்துல யானைச் சத்தம் வருதான்னுதான் காதைத் தீட்டுவேன். அன்னைக்கு மனுஷச் சத்தம் வருதான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். பதினோரு மணிவாக்குல த்ரீ பேஸ் நேரம் முடிஞ்சு கரண்ட் நின்னுச்சு. 34 சதவீதம் ஏறியிருந்தது. கணக்குப் போட்டா ஆறு யூனிட். வீட்ல போட்டிருந்தா முப்பது ரூபாய் ஆகியிருக்கும்.

காலையில வீட்டம்மா கார்ல உட்கார்ந்து பார்த்துட்டு, "எர்த்து இல்லைன்னாரே, எங்க சார்ஜ் போட்டீங்க?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் பையை எடுத்துக்கிட்டு இறங்கிட்டாங்க.

"நான் இன்னைக்குப் போறதே காப்பி அடிக்கிற பிள்ளைங்களைப் பிடிக்கத்தான்" அப்படின்னுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துட்டாங்க. கார் அன்னைக்குப் பூராவும் வாசல்ல நின்னுச்சு.

சாயங்காலம் பக்கத்துத் தோப்பு சித்தப்பா வந்தார். அவருக்கு எப்படித் தெரிஞ்சதோ, டயர் தடத்தைப் பார்த்திருப்பார். திட்டலை. திண்ணையில உட்கார்ந்து வெத்தலை மடிச்சுக்கிட்டே கேட்டார்.

"ஏம்ப்பா, நீ காருக்குப் போடுவ. நாளைக்கு ஒருத்தன் செங்கச் சூளைக்குப் போடுவான். இன்னொருத்தன் தண்ணி கம்பெனிக்குப் போடுவான். அப்புறம் ஈபிக்காரன் மீட்டரைத் தூக்கிட்டு வந்தா, வேண்டாம்னு சொல்ல நம்மகிட்ட வாய் இருக்குமா?"

நகரத்துல இருக்கிறவங்களுக்கு இது பெரிய பேச்சாத் தெரியலாம், ஆறு யூனிட்டுக்குப் போயி. ஆனா எங்களுக்கு இந்தக் கரண்ட்டுக்குப் பின்னால ஒரு கணக்கு இருக்கு. மின்கட்டண உயர்வை எதிர்த்து நடந்த போராட்டத்துல 1970-ல பெருமாநல்லூர்ல மூணு விவசாயிங்க துப்பாக்கிச் சூட்டுல செத்தாங்க. அப்போ சண்டையே யூனிட்டுக்கு ஒண்ணு ரெண்டு பைசாவுக்குத்தான். அதுக்கப்புறம் நாராயணசாமி நாயுடு காலத்துப் போராட்டங்கள், இன்னும் பல சாவு. 1984-ல எம்ஜிஆர் ஆட்சியில சிறு விவசாயிங்களுக்கு இலவசம் வந்துச்சு. 1990-ல கலைஞர் ஆட்சியில எல்லா விவசாயிங்களுக்கும் வந்துச்சு. வந்ததோட முடியலை. எங்க சர்வீஸுக்கு அப்பா பதிஞ்சு வெச்சுட்டுப் பதினாலு வருஷம் காத்திருந்தார், கனெக்‌ஷன் வந்தப்போ கண் தெரியாம ஸ்டார்ட்டர் பட்டனைத் தடவித்தான் அழுத்தினார். 2020-ல டெல்லி எல்லையில விவசாயிங்க உட்கார்ந்தப்போ வெச்ச கோரிக்கைகள்ல மின்சாரத் திருத்த மசோதாவைக் கைவிடணும்கிறதும் ஒண்ணு. அந்தப் பயம் இன்னும் போகலை.

சட்டமும் தெளிவா இருக்கு. ஒரு வேலைக்குன்னு வாங்கின கரண்டை இன்னொரு வேலைக்கு எடுத்தா, 2003 மின்சாரச் சட்டத்தோட 126-வது பிரிவுல ரெண்டு மடங்கு கட்டணம் போடுவாங்க. எப்ப இருந்து எடுத்தோம்னு தெரியலைன்னா பன்னிரண்டு மாசத்துக்குக் கணக்குப் போடலாம். ஆனா அந்தப் பிரிவை நான் அப்புறம்தான் படிச்சேன். அன்னைக்கு என்னைச் சுட்டது சித்தப்பாவோட வெத்தலைப் பேச்சும், நடந்து போன டீச்சரோட முதுகும்தான்.

அடுத்த நாள் தம்பி கடப்பாரையோட வந்தாப்ல. கொல்லையில எட்டடிக் குழி. ஜிஐ பைப்பை நடுவுல நிறுத்தி, சுத்தி அடுக்கடுக்கா கரியும் கல்லுப்பும் போட்டு மூடினோம். மேல ஒரு சின்னத் தொட்டி கட்டியிருக்கு, பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை ஒரு குடம் தண்ணி ஊத்தணும். மண்ணு காய்ஞ்சா எர்த்து வேலை செய்யாதாம். வெயில் காலத்துல தென்னைக்கு ஊத்துறோமோ இல்லையோ இதுக்கு ஊத்துறோம்.

ஒயரைத்தான் நான் லேசா நினைச்சிருந்தேன். "ஏற்கெனவே 15 ஆம்பியர் பிளக் இருக்கே, அதுக்கு எர்த்து மட்டும் கொடு"ன்னேன். தம்பி சொன்னதை அப்படியே எழுதறேன், உங்களுக்கும் உதவும்.

"அண்ணே, அயர்ன் பாக்ஸ் பத்து நிமிஷம் இழுக்கும், கிரைண்டர் அரை மணி நேரம். இது 14 ஆம்பியரை எட்டு மணி நேரம் நிறுத்தாம இழுக்கும். பழைய ஒயர் சுடும், பிளக் உருகும். நீங்க தூங்கிக்கிட்டு இருக்கும்போது."

அதனால மீட்டர் பெட்டியில இருந்து கார் நிக்கிற இடத்துக்குத் தனியா 6 ஸ்கொயர் செம்பு ஒயர், நடுவுல வேற எதுக்கும் பிரிக்காம. தனி எம்சிபி. 30 மில்லி ஆம்பியர்ல ட்ரிப் ஆகுற ஆர்சிசிபி, கரண்ட் கசிஞ்சா ஆளைத் தாக்குறதுக்கு முன்னாலயே கட் பண்ணிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும் எந்தக் காலத்துலயும் கூடாது. கன்னை ஜன்னல் வழியா இழுத்துப் போடறவங்க யாராவது இதைப் படிச்சா, இன்னைக்கே நிறுத்திடுங்க.

செலவு இதுதான். எர்த் குழிக்குக் கரி, உப்பு, பைப், தோண்டுன கூலி எல்லாம் சேர்த்து 4,500. ஒயர் 22 மீட்டர் தூரத்துக்கு ரெண்டு கோடு, எர்த்துக்கு ஒரு கோடு, குழாய் சாமான்: 5,850. ஆர்சிசிபி, எம்சிபி, பெட்டி, கனமான பிளக்: 3,900. தம்பிக்கும் கூட வந்த பையனுக்கும் ரெண்டு நாள் கூலி 4,000. வீட்டு சர்வீஸ்ல அனுமதிச்ச சுமை ரெண்டு கிலோவாட்டாத்தான் இருந்தது, அதை நாலாக்க எழுதிக் கொடுத்து ஈபியில கட்டினது 5,150. மொத்தம் 23,400 ரூபாய். "ஒண்ணும் ஆகாது சார்"னு சொன்னதோட விலை.

சுவத்துல மாட்டுற 7.2 கிலோவாட் பெட்டியும் விசாரிச்சேன். பெட்டி மட்டுமே ஐம்பதாயிரம் சொன்னாங்க, அதுக்கு வீட்டுக்கு த்ரீ பேஸ் வாங்கணும்னாங்க. ராத்திரி பூராவும் சும்மா நிக்கிற காருக்கு மூணு மணி நேரத்துல சார்ஜ் ஏறி என்ன ஆகப் போகுது? வேண்டாம்னுட்டேன்.

சென்னையில அபார்ட்மென்ட்ல இருக்கிற என் மச்சினன் கதை வேற. அவனுக்கு எர்த்தெல்லாம் பக்கா. மீட்டர் போர்டுல இருந்து அவன் பார்க்கிங்குக்கு ஒயர் இழுக்க சங்கம் சம்மதிக்கணும், அது ஆறு மாசமா பேச்சுவார்த்தையில இருக்கு. சொந்த வண்டியை வீட்ல இருக்கிற கனெக்‌ஷன்லயே சார்ஜ் பண்ணிக்கலாம்னு மத்திய மின்துறை 2022 ஜனவரியிலயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. அதை பிரிண்ட் எடுத்துட்டுப் போடான்னு சொல்லியிருக்கேன்.

வேலை முடிஞ்ச அன்னைக்கு ஏழு மணிக்கே ஆசையா சொருகினேன். பச்சை எரிஞ்சது. கூடவே எதிர்வீட்டு அத்தை டியூப் லைட் கண்ணடிச்சது. எங்க தெரு ட்ரான்ஸ்பார்மர்ல இருந்து கடைசி கம்பம், சாயங்காலம் எல்லா வீட்லயும் டிவியும் மிக்ஸியும் ஓடுறப்போ 190 வோல்ட்தான் வரும். அதுல நான் மூணு கிலோவாட்டைச் சேர்த்தா என்ன ஆகும்? அத்தை வெளியில வந்து, "உன் காருக்குப் பால் கொடுக்குறப்போ என் சீரியல் போகுதுப்பா"ன்னாங்க. அன்னைல இருந்து பதினோரு மணிக்கு மேலதான். அந்த நேரத்துல 225 வரைக்கும் வருது, வண்டியும் வேகமா ஏறுது.

முதல் பில் வந்துச்சு. ரெண்டு மாசத்துக்கு முன்னெல்லாம் 280 யூனிட், பில் அறுநூறு ரூபாய்ச் சொச்சம். இப்போ 550 யூனிட், ரெண்டாயிரத்து நானூறு சொச்சம். காருக்கு மட்டும் கிட்டத்தட்ட 1,850 ரூபாய், 1,800 கிலோமீட்டர் ஓடியிருக்கு. இதே தூரத்துக்கு டீசல் பத்தாயிரத்துக்கு மேல போயிருக்கும். குழி தோண்டின காசு ஆறு மாசத்துக்குள்ள திரும்பிடும்.

ஆனா அந்த 550-ல ஒரு வயித்தெரிச்சல் இருக்கு. 500 தாண்டினதும் 101-ல இருந்து 200 வரைக்கும் இருக்கிற ரெண்டு ரூபாய்ச் சலுகை ரேட்டு போயிடுது, மேல போற ஐம்பதுக்கும் எட்டு ரூபாய்க்கு மேல. கடைசி ஐம்பது யூனிட்டால மட்டும் அறுநூறு ரூபாய் கூடுதல். கூரையில சோலார் போட்டா இது தீரும். மூணு கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 தருது. மீதிப் பணத்துக்கு இன்னும் ரெண்டு வெட்டு தேங்காய் விக்கணும், பார்ப்போம்.

அதுவரைக்கும் டீச்சரம்மா காலண்டர்ல தினமும் மீட்டர் ரீடிங் எழுதிக்கிட்டு வர்றாங்க, சிவப்பு மையில. இன்னைக்கு வரைக்கும் 431. கணக்கெடுக்க இன்னும் பதினோரு நாள் இருக்கு. நேத்துல இருந்து என் வேட்டியை நானே கிணத்தடியில துவைச்சுக்கிட்டு இருக்கேன்.