பொன்னாடையும் பணமுடிப்பும்

விழா மலர்களிற் கல்வியின் மாண்பு பற்றியும் ஆசிரியர்தம் தொண்டு பற்றியும் எழுதுவதே வழக்கம். பணத்தைப் பற்றி எழுதுவது பண்பன்று எனக் கருதுவாரும் உளர். ஆயினும், கலைஞர் பெறும் ஊதியத்தைப் பற்றிச் சில கூற அன்பர்கள் இடந்தருவார்களென நம்புகின்றோம். விழாவென்று ஒன்று எடுக்குமிடத்துக் கலைஞரின்றி அது நிறைவெய்துவதில்லை அன்றோ?

அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர் பெறும் பணத்தைக் கேட்போர் திகைத்துப் போவர். ஜெரி சைன்ஃபீல்ட் என்னும் நகைச்சுவை நடிகர், தம் பெயரில் அமைந்த தொடரின் இறுதிப் பருவமாகிய 1997-98இல், அரைமணி நேரப் பகுதி ஒன்றுக்குப் பத்து இலட்சம் டொலர் பெற்றார். இன்னும் ஒரு பருவம் நடித்தாற் பகுதிக்கு ஐம்பது இலட்சம் தருவதாக வேண்டியும் அவர் இசைந்தாரல்லர். தொலைக்காட்சியில் வழக்குக் கேட்டுத் தீர்ப்புக் கூறிய ஜூடித் ஷைன்ட்லின் என்னும் அம்மையார் ஆண்டுக்கு 4 கோடியே 70 இலட்சம் டொலர் பெற்றுவந்தார். அதன்பொருட்டு அவர் படப்பிடிப்புக்குச் சென்ற நாட்களோ ஆண்டில் 52 மட்டுமே.

இதனை அநீதியென்று ஒரு சொல்லிற் கூறிவிடல் எளிது. இத்தொகை எவ்வாறு பிறக்கின்றது என்று ஆராய்தலே பயனுடையது. தொலைக்காட்சி நிலையம் நாடகத்தை விற்பதில்லை; நாடகம் பார்க்கக் கூடியிருப்போரின் நேரத்தையே விளம்பரகாரருக்கு விற்கின்றது. கூட்டம் பெருகப் பெருக விளம்பரத்தின் விலையும் பெருகும். எனினும், கூட்டம் பெருகிய அளவால் நடிகரின் கைக்குப் பணம் தானாக வந்து சேர்வதில்லை. அதற்கு வேறு இரண்டு வேண்டியிருந்தன.

ஒன்று உரிமை. 1951இல் ‘ஐ லவ் லூசி’ என்னும் தொடரைத் தொடங்கிய லூசில் போலும் அவர் கணவர் டெசி ஆர்னாஸும் அதனைப் படச்சுருளிற் பதிவுசெய்ய விரும்பினர். செலவு மிகுமென்று நிலையத்தார் தயங்கியபோது, தம் ஊதியத்திற் குறைத்துக்கொள்ள உடன்பட்டு, அதற்கீடாகப் படச்சுருளின் உரிமையைக் கேட்டுப் பெற்றனர். சில ஆண்டுகளின் பின் அதே நிலையத்தார் அவ்வுரிமையைப் பல இலட்சம் டொலர் கொடுத்து வாங்க நேர்ந்தது.

மற்றையது ஒற்றுமை. 1994இல் தொடங்கிய ‘ஃபிரெண்ட்ஸ்’ தொடரில் நடித்தோர் அறுவர். ரசிகர் மத்தியில் இருவர் மூவருக்கே பெயர் மிகுந்திருந்தது. அவர்கள் தனித்தனியே பேசியிருப்பின் பிறரினும் மிகுதியாகப் பெற்றிருப்பர். அவ்வாறு செய்யாது, அறுவரும் ஒருங்கு கூடி அறுவருக்கும் ஒரே ஊதியம் கேட்டனர். 2004இல் முடிவுற்ற அத்தொடரின் இறுதி இரண்டு பருவங்களில் ஒவ்வொருவரும் பகுதிக்குப் பத்து இலட்சம் டொலர் பெற்றனர். தாம் பெறுவது யாதென்பதை ஒருவருக்கொருவர் மறைத்திருந்தால் இது கைகூடியிராது.

இவ்வறிவு தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டிற் பாதி ஆற்றுப்படை நூல்கள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை இறைவனிடம் ஆற்றுப்படுத்துவது. ஏனைய நான்கிலும், பரிசில் பெற்று மீளும் கலைஞன் வறுமையோடு எதிர்ப்படும் கலைஞனை நிறுத்தி, வள்ளல் இருக்கும் ஊர் எது, செல்லும் வழி எது, அங்கே பெறத்தக்கது யாது என்பனவற்றை ஒளிக்காது கூறுகின்றான். தான் பெற்றதைப் பிறனுக்கு உரைத்தலை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்த இனம் நம்மினம்.

பிற்காலத்திலும் தம் விலையைத் தாமே கூறியவர் இருந்தனர். கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் கணவர் கிட்டப்பாவை 1933இல் இழந்து மேடையை விட்டு ஒதுங்கியிருந்தார். திரைப்படத்தில் நந்தனாராக நடிக்குமாறு வற்புறுத்தியவர்களை விலக்கும் பொருட்டு ஓர் இலட்சம் ரூபா கேட்டாரென்றும், அவர்கள் அதற்கும் இசைந்துவிட்டனரென்றும் கூறுவர். 1935இல் அப்படம் வெளிவந்தது. அக்காலத்தில் இந்தியத் திரையுலகம் கேட்டறியாத தொகை அது.

கேளாதவர் நிலை வேறு. 1952ஆம் ஆண்டு டிசெம்பரில் இலங்கை வானொலியில் ‘பினாக்கா கீத்மாலா’ தொடங்கியபோது, பம்பாயிலிருந்து அதனை எழுதித் தயாரித்து வழங்கிய இளைஞர் அமீன் சயானிக்கு வாரத்துக்கு 25 ரூபாவே கிடைத்தது. கடிதங்களோ வாரந்தோறும் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன.

இனி, எமது குடாநாட்டை நோக்குவோம். கோயில் திருவிழாக்களில் உபயகாரர் ஒருவரோடொருவர் போட்டியிட்டு நாலுகூட்டு மேளம், எட்டுக்கூட்டு மேளம் எனப் பிடிப்பதும், தமிழகத்து நாதஸ்வர வித்துவான்களைக் கடல்கடந்து அழைப்பிப்பதும் வழக்கமாயிருந்தன. அளவெட்டி வி. தெட்சணாமூர்த்தியின் (1933-1975) தவிலோசையைக் கேட்க வெளிவீதியில் விடியும்வரை காத்திருந்தோர் பலர். காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக மூவாயிரம் தடவைக்கு மேல் மேடையேறினார் என்பர். அத்தகையோரின் கலைக்குக் கொடுத்த கூலி அந்த இரவோடு தீர்ந்தது. மறுநாள் மீண்டும் அரிச்சந்திரன் சுடலை காத்தாற்றான் மறுநாட் கூலி. மேடைக் கலைக்குப் படச்சுருளின் உரிமைபோல் ஒன்று இருந்ததில்லை.

அன்று அவ்விரவுக் கூலியாவது பேசித் தீர்க்கப்பட்டது. இன்று கழகங்களும் சங்கங்களும் எடுக்கும் விழாக்களிற் பேச்சே எழுவதில்லை. “உங்களைக் கௌரவிக்கப் போகின்றோம்” என்று அழைத்து, பொன்னாடை போர்த்தி, படமும் பிடித்து அனுப்பிவிடுகின்றனர். பந்தற்காரனுக்கும் ஒலிபெருக்கிக்காரனுக்கும் அன்றிரவே பணம் தீர்க்கப்படுகின்றது. வித்துவானுக்கோ காரின் வாடகையும் இல்லை.

வலிகாமத்திலே நாம் அறிந்த முதிய மிருதங்க வித்துவான் ஒருவர் ஒருநாள் தம் அலுமாரியைத் திறந்து காட்டினார். மேற்றட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை பொன்னாடைகள். “தம்பி, இதுகளை மடிச்சு வைக்க இந்த அலுமாரி காணாது. இன்னொண்டு வாங்கத்தான் காசில்லை” என்று கூறிச் சிரித்தார். அருகிலே உறையிட்ட மிருதங்கம் இருந்தது. அவர் தந்தையும் பாட்டனும் வாசித்தவர்கள்; மகன் வாசிப்பதில்லை. “படிக்க விருப்பமில்லாமலில்லை; நான்தான் வேண்டாம் எண்டனான்” என்றபோது அவர் சிரிக்கவில்லை. மூன்று தலைமுறையாக வந்த கைத்திறன் ஒன்று எம் கண்முன்னே நின்றுபோன காரணம் அதுவே. பிள்ளைகளின் சுவை மாறிவிட்டதென்று மேடைதோறும் வருந்துவோர் இக்கணக்கையும் பார்த்தல் நன்று.

கலை தெய்வத்துக்கு அர்ப்பணம், அதனை விலைபேசலாமோ எனச் சிலர் வினவுவர். அர்ப்பணிக்க உரிமையுடையவன் கலைஞன். அவன் சார்பில் அர்ப்பணிக்க விழாக்குழுவுக்கு உரிமையில்லை. மரியாதை வேண்டாமென்பதும் எமது கருத்தன்று. அதியமான் தம்மைக் காணாது கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தமையைப் புறநானூறு கூறும். மதிப்பில்லாத பொருளை அவர் மறுத்தார். பொருளில்லாத மதிப்பை இன்று நாம் வழங்குகின்றோம். இரண்டும் குறையே.

ஆதலின் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் எமது வேண்டுகோள் இது. கல்லூரி விழாவோ ஊர் விழாவோ, கலைஞரை அழைக்கும் கடிதத்திலேயே தொகையை எழுதுக. பந்தற்காரனுக்குக் கொடுக்கும் அன்றே அவருக்கும் கொடுக்க. நிகழ்ச்சியைப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றுமுன் அவரது சம்மதம் கேட்க. அதனால் வருமானம் வருமாயின் பங்கும் அளிக்க. கலைபயிலும் மாணவர்களும், கூச்சத்தை விடுத்து, எங்கே எவ்வளவு பெற்றோமென்று தம்முட் கூறிக்கொள்வாராக. அது நம் முன்னோர் காட்டிய வழியே.

எமது குடாநாட்டிற் கலைஞருக்குக் கோடிகள் கொடுக்க எவராலும் இயலாது; கேட்பவரும் இல்லை. ஒரு மகனுக்கு மிருதங்கம் பழக்கத் தந்தை அஞ்சாதிருக்கும் அளவுக்குக் கொடுத்தல் இயலும். பணமுடிப்பைக் கையில் வைத்தபின் பொன்னாடையைத் தோளிற் போர்த்துவோமாக.